இரண்டு போத்தல் டீசல்

மன்னார்க் கரையில் கீரி என்ற ஊரில் லூசியாவின் வீட்டுக்கு ஜெனரேட்டர் வந்து இறங்கிய அன்று ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்க்க வந்தது. கொழும்பிலிருந்து அதை ஏற்றி வந்த லொறிக்கு வேலிப் படலை இடம் காணவில்லை. வேலியில் ஒரு பக்கத்தைப் பிரித்துத்தான் உள்ளே விட்டார்கள். படுக்கப் போட்ட அலுமாரி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நாலு பக்கமும் தகரம் அடித்து மூடியிருந்ததால் உள்ளே என்ன கிடக்கிறதென்று தெரியாது. ஆம்பிளைகள் எல்லாரும் சேர்ந்து அடியில் குழாய்க் கம்பிகளை வைத்து உருட்டி, குசினிக்குப் பின்னால் கொங்கிறீற் போட்டுக் காயவிட்டிருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வயர் இழுத்துக் கொடுத்தவன் எருக்கலம்பிட்டி வஸீர். மத்தியானம் தாண்டி வேலை முடிந்ததும் லூசியாவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"கரண்ட் போனால் நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை மாமி. அது தானாக அறிஞ்சு தானாக ஸ்டார்ட் எடுக்கும். கரண்ட் திரும்பி வந்தால் தானாகவே நிண்டுபோகும். எண்ணெய் இருந்தால் சரி."

சொல்லிவிட்டு மெயின் சுவிட்சைக் கீழே தட்டினான். சுவாமிப் படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு பல்ப் அணைந்தது. விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. அறைக்குள் லூசியாவின் புருசன் வலன்ரைனுக்குப் பக்கத்தில் இருந்த ஒட்சிசன் மெஷின் கீச்சென்று கத்தத் தொடங்கியது. லூசியா அறைக்கு ஓடப் பார்க்க, குசினிக்குப் பின்னால் ஏதோ செருமியது. பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கியது. பல்ப் எரிந்தது, விசிறி சுழன்றது, மெஷின் கத்தலை நிறுத்திவிட்டுப் பழையபடி மூச்சு விட்டது.

லூசியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலன்ரைன் கட்டிலில் சாய்ந்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

வலன்ரைன் மீன் லொறிக்காரன். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கொழும்புச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். நிறைந்த ஐஸ் பெட்டியை ஆள் துணையில்லாமல் லொறியில் ஏற்றுவான். முந்தின வருசம் ஆவணியில் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைக்கமாட்டான் என்று எல்லாரும் நினைத்திருக்கத் திரும்பி வந்தான். ஆனால் திரும்பி வந்தது உயிர் மட்டும்தான். நுரையீரல் தழும்பு பிடித்து இறுகிவிட்டது, இனி வீட்டிலும் ஒட்சிசன் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காற்றை இழுத்து, அதில் ஒட்சிசனைப் பிரித்து, மெல்லிய குழாயால் மூக்குக்கு அனுப்பும் ஒரு மெஷின் கட்டில் தலைமாட்டில் வந்து நின்றது. லொறியை விற்றார்கள்.

கரண்ட் இருந்தவரை அந்த மெஷின் அவனைக் கொண்டு நடத்தியது. அடுத்த வருசம் பிறந்து நாட்டில் எல்லாமே தட்டுப்படத் தொடங்கியபோது கரண்டும் போகத் தொடங்கியது. முதலில் கொஞ்ச நேரம். பிறகு காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். பங்குனி வர, பகலில் பாதி கரண்ட் இல்லை. கரண்ட் நின்றதும் லூசியா சின்னச் சிலிண்டரைத் திறந்துவிட்டு, அதன் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலடியில் இருப்பாள். சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வருவது பெரும் பாடு.

கனடாவில் இருக்கும் வலன்ரைனின் தங்கச்சி கிறேஸ் இதைப் போனில் கேட்டுத்தான் ஜெனரேட்டரை அனுப்பினாள். தாய் தகப்பன் போன பிறகு கிறேஸைப் படிப்பித்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, கலியாணம் கட்டிவைத்ததெல்லாம் வலன்ரைன்தான். "உங்களுக்கு இனிக் கரண்ட் போகாது அண்ணா" என்று அவள் போனில் சொன்னாள். கீரியில் ஜெனரேட்டர் எடுத்தால் ரொறன்ரோவில் அவளுடைய போனில் காட்டுமாம். டாங்கியில் எண்ணெய் எவ்வளவு கிடக்கிறது என்றும் காட்டுமாம். வலன்ரைனுக்கு அது பெரிய புதினம். "அவள் அங்கயிருந்து என்ர மூச்சை எண்ணுறாள்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான்.

முதல் கிழமைகள் நல்லாகத்தான் போயின. கரண்ட் போனால் ஒழுங்கைப் பிள்ளைகள் லூசியா வீட்டு முற்றத்தில் வந்து படித்தார்கள். பெண்கள் போன்களைக் கொண்டுவந்து செருகிவிட்டுப் போனார்கள். யாகப்பர் என்ற கிழவர், தனியாகக் கரைவலைப் பங்கில் சீவிப்பவர், மீனைப் பையில் கட்டிக்கொண்டு வந்து அவளுடைய பிரிஜ்ஜில் வைத்தார். லூசியா எல்லாருக்கும் இடம் கொடுத்தாள். புருசனைப் பார்க்க ஆட்கள் வருவதும் போவதும் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு டீசல் இல்லாமல் போனது.

எண்ணெய்க்குக் கப்பல் வந்தும் இறக்கவில்லை என்றார்கள், வரவே இல்லை என்றார்கள். மன்னார் டவுணில் எண்ணெய் அடிக்கிற செட்டுக்கு முன்னால் நின்ற வரிசை பாலத்தடி வரை போனது. கானில் எண்ணெய் கொடுக்கக் கூடாது, வாகனத்துக்கு மட்டும்தான் என்று சட்டம் வந்தது. லூசியா டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி, அரசாங்கக் கந்தோருக்கு நடந்து, ஒருதரம் ஒரு கான் எண்ணெய் எடுத்தாள். அடுத்த தரம் போனபோது கையெழுத்து வைக்கிற ஐயா துண்டைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் வந்தால்தானே அம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் கை கொடுத்தவன் சரிபுதீன். எருக்கலம்பிட்டிக்காரன், வலன்ரைனுடைய வயது. இரண்டு பேரும் ஒன்றாக மீன் யாவாரம் செய்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனத்தை இயக்கக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, சரிபுதீனின் குடும்பத்தைக் கற்பிட்டியில் கொண்டுபோய் இறக்கியது வலன்ரைனின் தகப்பனுடைய வள்ளம். வள்ளத்தில் கூடப் போனவன் வலன்ரைன். அதைப் பற்றி இரண்டு பேரும் கதைத்து லூசியா ஒருநாளும் கேட்டதில்லை. கலியாணம் கட்டி வந்த புதிதில் மாமியார் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

சரிபுதீனிடம் டீசலில் ஓடுகிற பழைய வான் ஒன்று இருந்தது. வரிசையில் நின்று அதற்கு அடிக்கிற எண்ணெயில் பாதியைக் குழாய் விட்டு இழுத்துக் கானில் கொண்டுவந்து ஜெனரேட்டருக்கு ஊற்றுவான்.

"உங்கட ஓட்டம் என்னாகிறது நானா?" என்று லூசியா கேட்பாள். அண்ணன் முறையில் அவனை நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"ஓடி என்ன செய்யிறது தங்கச்சி. மீனும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. வலனுக்கு ஓடட்டும்."

எண்ணெய் குறையக் குறைய லூசியா வேறு ஆளாகிக்கொண்டு வந்தாள். அது அவளுக்கே தெரிந்தது. வஸீரைக் கூப்பிட்டு, ஜெனரேட்டர் எடுத்தால் வலன்ரைனின் அறைக்கு மட்டும் கரண்ட் போகிற மாதிரி மாற்றுவித்தாள். போன் செருக வந்தவர்களுக்கு இனி ஏலாது என்றாள். யாகப்பர் மீன் பையோடு வந்தபோது படலையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினாள். கிழவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். ஜெனரேட்டர்ப் பெட்டியின் முன்கதவைத் திறந்தால் டாங்கியில் எண்ணெய் எவ்வளவு என்று காட்டும் முள் இருக்கும். அவள் சோறு வடித்துவிட்டு வந்து பார்ப்பாள், உடுப்புத் தோய்த்துவிட்டு வந்து பார்ப்பாள். செபமாலை சொல்லும்போதும் அந்த முள்தான் கண்ணுக்குள் நிற்கும். ஒரு போத்தல் எண்ணெய் என்றால் வலன்ரைனுக்கு எவ்வளவு நேர மூச்சு என்று அவள் மனம் தன் பாட்டில் கணக்குப் பார்த்தது.

"ஏன் சனத்தைத் துரத்துறாய்?" என்று வலன்ரைன் ஒருநாள் கேட்டான்.

"எண்ணெய் இல்லையப்பா."

"போன் சார்ச் பண்ண எவ்வளவு எண்ணெய் போயிரும்?"

அவள் எழும்பி முள்ளைப் பார்க்கப் போனாள். அவனுக்குக் கதைத்தால் மூச்சு வாங்கும் என்பதால் அவனும் விட்டுவிட்டான்.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை சரிபுதீன் வானை டவுண் வரிசையில் விட்டு, அதில் கிடந்த எண்ணெய் முழுவதையும் இழுத்துக் கானில் கொண்டுவந்து ஊற்றினான். "நாளைக்கு எண்ணெய்ப் பௌசர் வருதாம். நான் அடிச்சுக்கொள்ளுவன்" என்றான். முள் ஏறியதைப் பார்த்து லூசியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்றைக்குத்தான் கன நாளைக்குப் பிறகு வலன்ரைனோடு இருந்து ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பௌசர் வரவில்லை.

அன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இரைந்துகொண்டே இருந்தது. வலன்ரைன் கண்ணயர்ந்திருந்தான். மத்தியானம் லூசியா பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்ப, படலையில் சரிபுதீன் நின்றான். யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி, வேர்த்து வழிய நின்றான். கையில் வெறும் போத்தல்கள் இருந்தன.

"தங்கச்சி, ஸல்மாவுக்குக் குத்துத் தொடங்கிற்றுதாம்" என்றான்.

உம்மு ஸல்மா அவனுடைய மகள். முதல் பிள்ளைக்கு வயிற்றோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"நாள் கிடக்குது எண்டுதானே சொன்னீங்கள்?"

"நாள் கிடக்குதுதான். தண்ணிக்குடம் உடைஞ்சு போச்சாம். பிள்ளை அசையுதில்லை எண்டு அழுறாளாம். வஸீர் சைக்கிளில வந்து சொன்னான். நான் விடியத்தொட்டு வானோட வரிசையில நிக்கிறன்."

"அம்புலன்ஸுக்கு அடிக்கேல்லையா?"

"போன் ஒண்டும் வேலை செய்யுதில்லை, கரண்ட் இல்லாமல் டவர் நிண்டு போச்சு. ஓட்டோக்காரர் எல்லாரும் பெற்றோல் வரிசையில. வரிசையில நிக்கிறவன் ஆரிட்டயும் எண்ணெய் இல்லை, இருக்கிறவனும் இல்லையெண்டுதான் சொல்லுறான்." அவன் போத்தல்களைக் கொஞ்சம் உயர்த்தினான். "இரண்டு போத்தல் காணும். எருக்கலம்பிட்டிக்குப் போய் அவளை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அது காணும்."

நேற்று தான் ஊற்றிய எண்ணெய் என்று அவன் சொல்லவில்லை. அந்த எண்ணெய்க்குத்தான் கேட்கிறான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

லூசியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த போத்தல்களைப் பார்த்தாள். பௌசர் வரவில்லை. நாளைக்கும் வராது. சனி, ஞாயிறு. கரண்ட் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. சிலிண்டர் வெறுமையாகக் கிடக்கிறது. முள் இறங்கி இறங்கி அடியில் முட்டுவதும், மெஷின் கத்துவதும், வலன்ரைன் வாயைத் திறந்து திறந்து மூடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்ணுக்குள் வந்தன. வாய் தானாகச் சொன்னது.

"டாங்கியில ஒண்டும் இல்லை நானா. அடியில கிடக்கிறதுதான் ஓடுது."

சரிபுதீன் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஜெனரேட்டர் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

"ஒரு போத்தல் எண்டாலும்..."

"அதையும் எடுத்தால் நிண்டுபோயிரும் நானா. பேந்து இவர்..."

சரிபுதீன் தலையை ஆட்டினான். நாலு எட்டு வைத்துப் போய்ப் பெட்டிக் கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். அவன் போகவில்லை.

"சரி தங்கச்சி. வலனை எழுப்பாதே. நான் வேற எங்கயும் பார்க்கிறன்."

சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை லூசியா நின்றாள். கூப்பிடுவோமா என்று ஒருதரம் நினைத்தாள். பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. உள்ளே போனாள்.

"ஆர் வந்தது?" என்று வலன்ரைன் கேட்டான்.

"சரிபுதீன் நானா. சும்மா பார்த்திட்டுப் போக வந்தவர்."

"ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"நீங்கள் படுத்திருந்தீங்கள்."

பொழுது சாய்ந்த பிறகு கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் நின்றது. போன் வேலை செய்யத் தொடங்கியதும் கிறேஸ் எடுத்தாள். லூசியா வழக்கம்போல வலன்ரைனும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிக் கட்டிலில் வைத்தாள்.

"இண்டைக்கு நல்லா ஓடியிருக்குது என்ன அண்ணி. பயந்துபோனீங்களோ? பயப்படாதேங்கோ, டாங்கி இன்னும் முக்கால்வாசி கிடக்குது எண்டு எனக்கு இஞ்ச காட்டுது."

"ஓம்" என்றாள் லூசியா.

"ஆர் எண்ணெய் தந்தது?"

"சரிபுதீன்" என்றான் வலன்ரைன். "அவன்தான் கொண்டுவந்து ஊத்தினவன்."

அடுத்த நாள் காலையில் வஸீர் வந்தான். முற்றத்தில் நின்றபடியே சொன்னான். எருக்கலம்பிட்டியில் கடைசியாக ஒருவரிடம் கொஞ்ச எண்ணெய் கிடைத்து, லான்ட் மாஸ்டர் என்கிற கை உழவு மெஷினின் பெட்டியில் பாய் விரித்து ஸல்மாவைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். லான்ட் மாஸ்டர் எவ்வளவு வேகம் ஓடும்? ஆஸ்பத்திரியில் உடனே உள்ளுக்கு எடுத்தார்கள். தாய்க்குப் பழுதில்லை. பிள்ளை இறந்து பிறந்தது. ஆம்பிளைப் பிள்ளை. விடியவே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"கொடி கழுத்தில சுத்தியிருந்ததாம். முந்திக் கொண்டுவந்திருந்தாலும் சொல்லேலாது எண்டு டொக்டர் சொன்னவராம். முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் எண்டும் சொன்னவராம்" என்றான் வஸீர். பிறகு, "சரிபுதீன் மாமா எண்ணெய்க்கு டவுண் முழுக்க அலைஞ்சிருக்கிறார். இஞ்சயும் வந்தவராம்" என்றான்.

"வந்தவர்" என்றாள் லூசியா.

வஸீர் போன பிறகும் அவள் முற்றத்திலேயே நின்றாள். யன்னல் திறந்துதான் கிடந்தது. வலன்ரைனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். கடைசியில் உள்ளே போனபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஏசுவான், ஏசட்டும் என்று அவள் நின்றாள். அவன் ஏசவில்லை. கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இரண்டு போத்தல் குடுத்திருக்கலாம் லூசி."

அதைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவுதான். பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

போன் எடுத்துச் சரிபுதீனோடு கதைத்தான். கதைத்தான் என்று சொல்வதற்கில்லை. "மச்சான்" என்றான். அந்தப் பக்கம் அவனும் "மச்சான்" என்றான். பிறகு சரிபுதீன், இன்றைக்குக் காற்று மாறுகிறது, கச்சான் தொடங்கப் போகிறது போல என்றான். வலன்ரைன் ஓம் என்றான்.

அதற்குப் பிறகு ஜெனரேட்டர் எடுக்கிற ஒவ்வொரு தரமும் வலன்ரைன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஒருநாள் லூசியா கிணற்றடியிலிருந்து வந்து பார்க்க, அவன் மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் பதறிக் குழாயை எடுத்து மாட்டினாள்.

"ஏனப்பா இப்பிடிச் செய்யிறீங்கள்?"

"இது இல்லாமல் எவ்வளவு நேரம் இருப்பன் எண்டு பார்த்தனான்" என்றான். மூச்சு அடங்கியதும், "கன நேரம் இருந்தனான்" என்றான்.

அவளைக் குத்துவதற்கு அவன் அதைச் சொல்லவில்லை. தனக்கே தெரிய வேண்டும் என்றுதான் பார்த்திருக்கிறான். அது அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் கூடுதலாக நொந்தது.

பெரிய வியாழனுக்கு முதல் நாள் சரிபுதீன் ஒரு கானோடு வந்தான். நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. லூசியா முற்றத்துக்கு ஓடினாள்.

"வேண்டாம் நானா. எங்களுக்கு வேண்டாம். நீங்கள் வைச்சிருங்கோ."

"முடிஞ்சிருக்குமே தங்கச்சி. நேற்றுப் பௌசர் வந்தது."

அவள் மறிக்க மறிக்க அவன் குசினிக்குப் பின்னால் போய் மூடியைத் திறந்து, புனலை வைத்து ஊற்றத் தொடங்கினான். சித்திரைப் புத்தாண்டுக்காகக் கரண்டை அதிகம் வெட்டாமல் விட்டிருந்தார்கள், அந்த நாட்களில் ஜெனரேட்டர் பெரிதாக ஓடவில்லை. கானில் பாதிகூட இறங்கவில்லை, எண்ணெய் புனலில் பொங்கி விளிம்பால் வழிந்து அவன் கையை நனைத்தது. சரிபுதீன் கானை நிமிர்த்தினான். வழிந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அவன் மூடியைப் போட்டு இறுக்கினான். கையைச் சாரத்தில் துடைத்தான்.

"மிச்சம் கானில கிடக்கட்டும். பேந்து ஊத்து" என்றான்.

பிறகு உள்ளே போய் வலன்ரைனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தான். லூசியா குசினிக்குள் குந்தியிருந்து வாயில் சீலையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

வலன்ரைன் வைகாசியில் செத்தான். கரண்ட் இருந்த ஒரு காலை நேரம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, டாங்கியும் நிறைந்து கிடந்தது. சளிக் காய்ச்சல் ஒன்று வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நுரையீரல் இனித் தாங்காது என்று அவர்கள் சொல்ல, வீட்டுக்கே கொண்டு போங்கோ என்று அவன் கையால் காட்டினான். பங்குச் சுவாமி வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். லூசியா அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். கைக்குக் கீழே அது ஏறாமல் போனது. மெஷின் தன் பாட்டுக்குக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்து நிறுத்தியவர் யாகப்பர்.

செத்தவீட்டுக்குச் சரிபுதீன் வந்தான். சவப்பெட்டி தூக்கும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்தான். கிறேஸால் வர முடியவில்லை. யாரோ போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அங்கேயிருந்து கதறினாள்.

முப்பத்தொராம் நாள் பூசை முடிந்த பிறகு லூசியா கிறேஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். போத்தலோடு சரிபுதீன் நின்றது, தான் சொன்ன பொய், எதையும் மறைக்கவில்லை.

"நானும் அதைத்தான் சொல்லியிருப்பன் அண்ணி. என்ர அண்ணாவுக்காகத்தானே சொன்னீங்கள்" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். லூசியாவுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அண்ணா அப்படிச் சொல்லமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வஸீர் வந்து ஜெனரேட்டரைக் கழற்றினான். தலைமன்னார்ப் பக்கம் சுவாச மெஷினோடு கிடந்த ஒரு பெண்பிள்ளையின் வீட்டுக்கு அதைக் கொடுத்துவிடச் சொன்னாள் கிறேஸ். அதை ஏற்றி அனுப்பிய மறுநாள் லூசியா வெள்ளைச் சீலையோடு பஸ் ஏறி எருக்கலம்பிட்டிக்குப் போனாள்.

சரிபுதீனின் மனைவி நூர்ஜஹான் வாசலுக்கு வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். உள்ளே பாய் விரித்து இருத்தினார்கள். உம்மு ஸல்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். மெலிந்து, கண்ணடி கறுத்துப்போயிருந்தாள். சரிபுதீன் நிலைக் கதவில் சாய்ந்து நின்றான்.

லூசியா வந்த வேலையைச் சொன்னாள்.

"அண்டைக்கு டாங்கியில எண்ணெய் கிடந்தது. முக்கால்வாசி கிடந்தது. நான் இல்லையெண்டு சொன்னனான். நானாவுக்குத் தெரியும். உனக்கும் தெரிய வேணும் பிள்ளை."

நூர்ஜஹான் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சரிபுதீன் நிலத்தைப் பார்த்தான்.

"என்னத்துக்குத் தங்கச்சி இதைச் சொல்ல வந்தனீ" என்றான் மெதுவாக. "நான் சொல்லாமல் வைச்சிருந்தனே."

உம்மு ஸல்மா லூசியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று லூசியா காத்திருந்தாள். வரவில்லை. ஸல்மா எழும்பி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வெளியே வரவில்லை.

நூர்ஜஹானும் எழும்பிப் போனாள். போனவள் ஒரு தட்டில் சோறும் மீனும் கொண்டுவந்து லூசியாவுக்கு முன்னால் வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். லூசியா சாப்பிட்டாள். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சரிபுதீன் பஸ் வரும்வரை சந்தியில் அவளோடு நின்றான். பஸ் வந்ததும் கை காட்டி மறித்துவிட்டான்.

பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பெருநாளுக்கு வழக்கமாக வரும் சோற்றுச் சட்டி வரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு இவளும் பலகாரம் அனுப்பவில்லை. சரிபுதீன் மட்டும் எப்போதாவது டவுணில் கண்டால் நின்று, "எப்பிடி இருக்கிறாய் தங்கச்சி" என்று கேட்பான்.

அடுத்த வருசம் மாசி மாதம் லூசியா பிறசர் கிளினிக்குக்காக ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்தாள். சனம் நிறைந்து கிடந்தது. அவளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் இருக்க இடம் இருந்தது. தாய்மார் கிளினிக் பக்கமிருந்து உம்மு ஸல்மா வந்தாள். லூசியாவைக் கண்டதும் நின்றாள். தூணோடு சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து வாங்கிலில் இருந்தாள். அபாயாவுக்குள் வயிறு கொஞ்சம் தெரிந்தது.

"உங்களுக்குப் பிறசர் எண்டு வாப்பா சொன்னவர்" என்றாள்.

"ஓம் பிள்ளை. குளிசை போடுறன்."

முன்னால் ஒரு குழந்தை வீரிட்டுக்கொண்டு தாயின் தோளில் துள்ளியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். லூசியாவுக்கு எத்தனையோ சொல்ல இருந்தது. ஒன்றும் சொல்ல உரிமையில்லை என்றும் இருந்தது. ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பேர் வைச்சனீங்களா?"

உம்மு ஸல்மா மடியில் கிடந்த கிளினிக் கொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொல்லமாட்டாள் என்று லூசியா நினைத்தாள்.

"ஹுசைன்" என்றாள் ஸல்மா. "வாப்பாதான் வைச்சவர்."

தாய்மார் கிளினிக்கிலிருந்து ஸல்மாவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். வாங்கிலைப் பிடித்து மெதுவாக எழும்பினாள். "வாறன் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்சத்தில் லூசியாவின் இலக்கத்தையும் கூப்பிட்டார்கள். மற்றப் பக்கத்தில் இருந்த பெண் தோளில் தட்டிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அது கேட்டது.